பரக்கத் படகின் கடைசிப் பத்து வரிகள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. இந்தக் கதை கடலைப் பார்த்துப் பிறந்ததல்ல. என் மகள் ஸ்நேஹாவின் வாய்க்கொழுப்பில் பிறந்தது.

வெகுகாலமாக நான் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். (எப்போது முடியும் என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.) ஒருநாள் அந்தக் கோப்பு திறக்க மாட்டேன் என்று கணினியில் அடம்பிடித்தது. பெருத்துப்போய்விட்டதாம். ஸ்நேஹா இங்கே கொச்சியில், காக்கநாட்டில் கணினி வேலை பார்க்கிறவள். என்னை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டு, ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, ‘டெயில்’ என்று அடித்து, கோப்பின் பெயரைப் போட்டு, ஒரு தட்டுத் தட்டினாள். என் நாவலின் கடைசிப் பத்து வரிகள் மட்டும் வந்து நின்றன.

“மத்ததெல்லாம் எங்கேடி?” என்று பதறினேன்.

“உள்ளதான் இருக்கு. இது வாலை மட்டுந்தான் காட்டும். சொல்லப்போனா இந்தப் பத்து வரியே போறும்பா. மிச்சத்தை யார் வாசிக்கப்போறா?”

பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள், எனக்கு எழுதிய கை எரிந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் இன்னொன்றும் காட்டினாள். அதே கட்டளையோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் திரை மூடாமல் காத்திருக்குமாம். எங்கிருந்தோ யாரோ அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால், அந்த நொடியே இங்கே காட்டுமாம்.

“யாரும் சேர்க்கலேன்னா?”

“சும்மா காத்துண்டிருக்கும்.”

அன்று ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. ஒரு கோப்பின் வாலைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அடுத்த வரி வரவில்லை. யார் அவள்? எந்த வரி? அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். நாவல் கிடக்கட்டும்.

2

தொடக்கங்கள். எல்லாவற்றையும் காட்டுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

‘மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு வாசம் மிதந்து...’

வேண்டாம். மட்டாஞ்சேரியைப் பற்றி எழுத வருகிறவன் எல்லாம் மூக்கில் மிளகோடுதான் வருகிறான். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு டீசல் வாசமும் சாக்கடை வாசமும்தான் தெரியும்.

‘ஸாதனாவின் கண்களில் நீர் திரையிட...’

இதுவும் வேண்டாம். என் கதாநாயகி ஸாதனா அழுகிற ஜாதி இல்லை. இருபத்தாறு வயது, எதையாவது யோசித்தால் பேனாவின் மூடியைக் கடிப்பாள், அவ்வளவுதான்.

‘மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே காற்று மாறியது.’

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

பஜார் ரோட்டில், கயிறும் வலையும் விற்கிற ஒரு கடைக்கு மேலே, மரப்படி ஏறினால் ஒரு சின்ன அலுவலகம். மீன்பிடிப் படகுகளில் ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். படகு எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி வானத்து வழியே அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு படகுக்கும் கணினியில் ஒரு கோப்பு. பெட்டி ஒரு முறை பேசினால் கோப்பில் ஒரு வரி ஏறும். அந்த வரிகளைப் பார்த்துக்கொள்வது ஸாதனாவின் வேலை. பாலக்காட்டிலிருந்து எந்தக் காலத்திலோ இங்கே வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், திரையில் எண்கள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகு கடலுக்குப் போனாலும் அதன் கோப்புக்கு ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, நான் சொன்ன அந்தக் காத்திருக்கும் கட்டளையைப் போட்டுவிடுவார்கள். படகு கரைக்கு வரும்வரை அதை யாரும் மூடக் கூடாது. முன்பு ஒருமுறை யாரோ கைதவறி மூடிவிட, முதலாளி சிவராமகிருஷ்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார். அதிலிருந்து கணினித் தலையில் ‘மூடாதே’ என்று மலையாளத்தில் ஒரு சீட்டு. ஆயுத பூஜையன்று அந்தத் திரைக்குச் சந்தனப் பொட்டும் உண்டு. மூடினால் படகுக்கு ஆகாது என்று அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. ஆனால் மின்சாரம் போனால் எல்லோர் முகமும் செத்துவிடும்.*

(* ஸ்நேஹா இதை வாசித்துவிட்டுச் சிரித்தாள். “படிச்சவா இப்படியெல்லாம் பண்ணுவாளா?” என்றாள். படித்தவர்கள்தான் பண்ணுவார்கள். மற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.)

4

இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டேன். இதில் ஸாதனாவுக்கு ஒரு காதலன் இருந்தான். தேவராவிலிருந்து பைக்கில் வந்து படியடியில் நிற்பான். அவனால் கதைக்கு ஒரு நயா பைசா பிரயோஜனம் இல்லை. போகட்டும்.

5

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

காற்று மாறிய அன்று காலையில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலில் இருந்த படகுகளின் பெட்டிகளை அடிக்கடி பேசும்படி மாற்றிவைத்தாள் ஸாதனா. திரைகளில் வரிகள் மழைபோல் கொட்டின. ஒவ்வொரு படகாகக் கரை சேர்ந்தது. சேர்ந்ததும் பெட்டியை அணைப்பார்கள், அந்தத் திரை அமைதியாகும். அவள் அந்தத் திரையை மட்டும் மூடுவாள். மத்தியானத்துக்குள் ஒன்று தவிர எல்லாம் மூடியாகிவிட்டது.

மிச்சம் இருந்தது பரக்கத். மட்டாஞ்சேரி யூசுபின் தூண்டில் படகு, அதில் ஐந்து பேர். அந்தத் திரையும் மத்தியானத்தில் அமைதியானது. ஆனால் பரக்கத் கரைக்கு வரவில்லை.

ஸாதனா கடைசி வரியில் இருந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தாள். சிவராமகிருஷ்ணன் அதைக் கடலோரக் காவல்படையின் தேடும் கப்பலுக்குச் சொன்னார். கப்பல் போனது, அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு பலகைகூட இல்லை. மறுநாள் காலையில், இன்னும் மேற்கே ஆழ்கடல் பக்கம் நகர்ந்து தேடப்போவதாகத் தகவல் வந்தது.

அந்த நேரத்தில் மரப்படியில் காலடிச் சத்தம். மகா வந்தாள்.

மகாவின் புருஷன் செல்லதுரை பரக்கத்தில் இருக்கிறான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள், பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்தவர்கள். மகா இறால் தோலுரிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள், ரப்பர் செருப்பு ஈரமாகப் படியில் சத்தம் போட்டது.

“என்ன பாப்பா, எதும் வந்துச்சா?”

“ஒக்காருங்கோ சேச்சி. சாயா குடிக்கறேளா?”

“சாயா கெடக்கட்டும். வரலைன்னா வரலைன்னு சொல்லு, முழுங்காத.”

“வரலை.”

மகா திரைக்கு முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். ஆங்கிலம் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும், மணி தெரியும். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“இது நேத்து மத்தியானம்.”

“ஆமா.”

“இதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை சேச்சி.”

“நான் இங்கனயே இருக்கேன். எந்திரிச்சுப் போகச் சொல்லாத.”

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். சிவராமகிருஷ்ணனை அப்படி ஆக்கிவிடலாம் என்று முயன்றேன். ‘எர்ணாகுளத்துக் குளிர் அறையில் காலை ஆட்டியபடி...’ என்று எழுதியும் பார்த்தேன். வரவில்லை. அந்த மனுஷன் முந்தின நாளிலிருந்து போன் மேல் போன் போட்டு, தொண்டை கட்டி, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார். அவரைப் போய் எப்படி வில்லனாக்குவது? கெட்டவன் யாரும் இல்லாமலேயே ஐந்து பேர் சாகலாம்.

அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: “ஸாதனா, கடைசி வரியைக் குடுத்தாச்சு. நம்ம கையில அவ்வளவுதாம்மா இருக்கு.”

“அவ்வளவுதான்னு எப்படி சார் விடறது?”

“வேற என்ன பண்ணுவே?”

என்ன பண்ணுவாள்? நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு முழு நாள் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை. உடனே எழுந்து எதையாவது செய்கிற பெண் அவள். முந்தின நாள் மத்தியானம் வரை பரக்கத் எந்தப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது என்று பார்த்தால், காற்று அதை எங்கே தள்ளும் என்று கணக்குப் போடலாம். அதற்குக் கடைசிப் பத்து வரி போதாது, முழுக் கோப்பும் வேண்டும். அதை எடுக்கக் கணினியில் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போனாள்.

பரக்கத் என்ற பெயரில் அங்கே இரண்டு கோப்புகள் இருந்தன.

ஒன்று பெரியது, பெயரோடு ‘பழையது’ என்று ஒட்டு. இன்னொன்று சின்னது. அவள் பேனா மூடியைக் கடித்தாள். கடித்தது உடைந்தது.

7

எழுதுகிறவன் இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் என்னைத் திட்டுவார், நியாயமாகத்தான்.

ஒரு கோப்பு நிரம்பிவிட்டால் அந்தக் கணினி அதற்கு ‘பழையது’ என்று பெயர் மாற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றைத் திறந்து எழுதும். எப்போதாவதுதான் நடக்கும். புயலன்று பெட்டிகள் ஓயாமல் பேசியதில் பரக்கத்தின் கோப்பு மத்தியானமே நிரம்பிவிட்டது. ஆனால் காத்திருக்கும் கட்டளை இருக்கிறதே, அது முதலில் பிடித்த கோப்பை விடாது. பெயர் மாறினாலும் பழையதன் வாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திரையை ஒருமுறை மூடித் திறந்திருந்தால் புதிய கோப்பைக் காட்டியிருக்கும். மூடத்தான் கூடாதே! வைட்டிலா பஸ் நிலையத்தில் பஸ் வேறு இடத்திலிருந்து கிளம்பிப் போய்க்கொண்டிருக்க, பழைய இடத்தில் நின்று பஸ்ஸே இல்லை என்று சொன்ன கதை.

ஸாதனா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். ‘மூடாதே’ என்ற சீட்டுக்குக் கீழே அந்தத் திரையை மூடினாள். மகா ஐயோ என்று எழுந்துவிட்டாள்.

“என்ன பாப்பா செய்யுற! அத அணைக்கக் கூடாதும்பாவளே!”

“சேச்சி, இது பழைய ஃபைலாக்கும். நான் நேத்துலேர்ந்து பழசைப் பாத்துண்டிருந்திருக்கேன். என் புத்தியை எங்க கொண்டு வெச்சேன்!”

புதிய கோப்புக்குக் கட்டளையைப் போட்டாள். வரிகள் வந்து விழுந்தன. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகான வரிகள். ராத்திரி வரிகள். அன்று காலை வரிகள். பரக்கத் மேற்கே போகவே இல்லை. தெற்கே, ஆலப்புழைக்கு நேராக, மெதுவாக ஒதுங்கிக்கொண்டிருந்தது.

மகா விரலால் மணிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

8

ஸாதனா முதலாளிக்குப் போன் போட்டாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“ஒரு தடவை ஒரு இடத்தைச் சொல்லிட்டு, இப்போ வேறே இடம்னு சொன்னா, நம்ம பேச்சை யார் கேப்பா?”

“தப்புன்னு சொல்லியே குடுங்கோ சார். ஸாதனாங்கிற கழுதை தப்புப் பண்ணிட்டாள்னு சொல்லுங்கோ. எனக்கு வேலை போனாலும் போகட்டும். ஆனா இப்பவே குடுங்கோ. நீங்க குடுக்கலேன்னா நானே கூப்பிடுவேன்.”

“கத்தாதே. இடத்தைப் படி, எழுதிக்கறேன்.”

படித்தாள். இரண்டு முறை திருப்பிப் படிக்கச் சொன்னார். பிறகு, “கழுதைன்னெல்லாம் நான் சொல்லமாட்டேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார். (பார்த்தீர்களா, இவரை வில்லனாக்கச் சொன்னால் எப்படி ஆக்குவேன்?)

தேடும் கப்பல் தெற்கே திரும்பியது. போய்ச் சேர நேரம் ஆகும்.

இதற்குள் படகுக்காரர் யூசுப் மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். திரையைப் பார்த்தார், நம்பவில்லை.

“இது எங்ஙனெயா மோளே? எஞ்சின் நின்னா பேட்டரி அத்தன நேரம் நிக்கூல. நேத்து ராத்திரியே பெட்டி செத்துப் போயிருக்கணும்.”

ஸாதனா வரிகளைக் காட்டினாள். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை நெருக்கமாக இருந்தன. பிறகு நின்றுபோயிருந்தன. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு வரி. மறுபடி வெகுநேரம் ஒன்றும் இல்லை. மறுபடி இரண்டு வரி. காலைவரை அப்படியே.

“யூசுப்க்கா, மெஷினுக்கு இந்த மாதிரி மிச்சம் பிடிக்கத் தெரியாது. யாரோ பெட்டியை அணைச்சு வெச்சு, நடுநடுவுல போட்டு, ரெண்டு வரி போனதும் திருப்பி அணைக்கறா. ஒண்ணு தவறினாலும் ஒண்ணு சேரட்டும்னு ரெண்டு.”

(ஸ்நேஹா என் தோளுக்குப் பின்னால் நின்று இதை வாசித்தாள். “கம்பி லூஸா இருந்தாலும் வரி விட்டுவிட்டு வருமேப்பா,” என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. கம்பி ஆடினால் வரிகள் கண்டபடி வரும், ஒன்று, ஏழு, மூன்று என்று. இங்கே ஒவ்வொரு முறையும் இரண்டேதான். கம்பிக்கு அத்தனை ஒழுங்கு கிடையாது. அது ஒரு கை.)

யூசுப் முக்காலி இல்லாததால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “படச்சோனே...” என்று இறைவனைக் கூப்பிட்டு முகத்தைத் துடைத்தார்.

“அந்த சுவிட்சு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள் மகா.

“எல்லார்க்கும் அறியும். அஞ்சு பேர்க்கும் நான்தான் காட்டிக் கொடுத்தது.”

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம் புரிந்தது. பரக்கத்தில் ஒரு கை உயிரோடு இருக்கிறது. யாருடைய கை என்று கோப்பு சொல்லாது.

9

முடிவுகள்.

முதல் முடிவு: தேடும் கப்பல் பரக்கத்தைக் கண்டுபிடிக்கிறது, ஐந்து பேரும் கையசைக்கிறார்கள், தோப்பும்படி துறைமுகத்தில் கூட்டம். இதை எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் எனக்கே சந்தேகம் வந்தது. மகாவுக்காக எழுதினேனா, நிம்மதியாகத் தூங்குவதற்காக எழுதினேனா?

இரண்டாம் முடிவு: ‘கப்பல் போய்ச் சேர்ந்தபோது படகில்...’

எழுத மாட்டேன். யார் என்ன சொன்னாலும் சரி. சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று சொல்லுகிறவர்கள் வந்து மகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதட்டும்.

மூன்றாம் முடிவு: மூன்று பேர் மட்டும். இதை யூசுப் எடுத்துக் கொடுத்தார், நான் அல்ல. தரையில் உட்கார்ந்தபடியே, மூன்று பேராவது இருந்தால் போதும் என்று அவர் முணுமுணுத்ததும் மகா சீறினாள்.

“என்னத்துக்கு மூணு? எண்ணிக் குடுக்கியளா? அஞ்சு பேரு போனாவ, அஞ்சு பேரும் வரட்டும்.”

“மகா, நான் அங்ஙன சொல்லல்ல...”

“அந்தக் கை எங்க வீட்டு ஆளோடதுன்னு நான் கேக்கலண்ணே. கேக்க மாட்டேன். கேட்டா மத்த நாலு பேரு வீட்டுக்காரிய என்ன செய்வாளுவ? எவன் கையோ, அந்தக் கை சலிக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

ஸாதனா அவள் தோளில் கை வைத்தாள். அழாத ஜாதி என்று இரண்டாம் பகுதியில் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டேன்.

10

ஸ்நேஹா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். “சொல்லுப்பா, யார் கை அது?”

எனக்குத் தெரியாது. செல்லதுரையின் கை என்று ஒரு வரி எழுத என்னால் முடியும். அதை எழுதிவிட்டால் மற்ற நாலு பேரை நானே கடலில் தள்ளிய மாதிரி இருக்கிறது. அதனால் கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறதோ அவ்வளவுதான் சொல்லுவேன், மேலே ஓர் எழுத்து சொல்ல மாட்டேன்.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கப்பல் இன்னும் போய்ச் சேரவில்லை. கீழே கடையில் வலை எடுக்க வந்தவர்கள் விலை பேசுகிறார்கள். கோப்பில் கடைசியாக வரி வந்து வெகுநேரம் ஆகிவிட்டது. இந்நேரம் அந்தக் கை பெட்டியைப் போட்டிருக்க வேண்டும். ஸாதனா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யூசுப் வாய்க்குள் ஓதிக்கொண்டிருக்கிறார். மகா முக்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

ஒரு வரி வந்தது.

மகா அதன் மேல் விரலை வைத்து, இப்போதைய மணிதான் என்று பார்த்துக்கொண்டாள். விரலை எடுக்கவில்லை. அதற்குக் கீழே, இரண்டாவது வரி வர வேண்டிய இடத்தில், வெறும் கறுப்பு.

இரண்டாவது வரியை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எழுதுங்கள். அவசரமே இல்லை, ஆனால் எழுதாமல் எழுந்து போய்விடாதீர்கள். எதை எழுதினாலும், மகா அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.